பவர் விண்டோ மக்கர்: சுத்தம் செய்தால் போதுமா, கிளிப்பா, முழு செட்டா?

கார் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டால் பலரும் நேரே ஸ்பேர் கடைக்குப் போய் "மோட்டார் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். கதவைப் பிரித்துப் பார்த்தால் மோட்டார் நல்லபடியாகவே சுற்றும். உடைந்தது விரல் நீள பிளாஸ்டிக் கிளிப்பாக இருக்கும். இல்லையென்றால் ஸ்விட்சுக்குள் கரி பிடித்திருக்கும். அதுவும் இல்லையென்றால் கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்கில் செம்மண் தூசி இறுகிப்போயிருக்கும். மோட்டார் போவதும் உண்டு. ஆனால் சந்தேகப்பட வேண்டிய வரிசையில் அது கடைசி.

சரிசெய்யும் வழிகளும் பல. பீடிங்கைச் சுத்தம் செய்வது, ஸ்விட்சையோ வயரையோ பார்ப்பது, கிளிப் மட்டும் மாற்றுவது, மோட்டார் மட்டும் மாற்றுவது, கண்ணாடியை ஏற்றி இறக்கும் கேபிள், தண்டவாளம், கிளிப் எல்லாம் சேர்ந்த ரெகுலேட்டர் செட்டை முழுதாக மாற்றுவது (அதில் கம்பெனி பார்ட், லோக்கல், பழையது என்று மூன்று), கடைசியாக ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவது. எதை எடுப்பது என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்யும். ஒன்று, எது உடைந்தது. இரண்டு, அந்தக் கார் எப்படிப் பிழைக்கிறது. காரைக்குடியைச் சுற்றியுள்ள எங்கள் பக்கத்தில், கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களில் பூட்டிய வீட்டு ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் காருக்கும், பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, குன்றக்குடி என்று சவாரி ஓடும் டாக்சிக்கும் ஒரே பழுது வேறு வேறு காரணத்தால் வரும். அதனால் வாங்க வேண்டியதும் மாறும்.

பிரிக்கும் முன் காது கொடுங்கள்

கதவுக்குள் இருப்பது இவ்வளவுதான்: 12 வோல்ட் மோட்டார், அதோடு சேர்ந்த கியர், கேபிள் சுற்றும் உருளை, மெல்லிய ஸ்டீல் கேபிள், ஒன்றோ இரண்டோ தண்டவாளம், அதில் ஏறி இறங்கும் கிளிப், கிளிப்பில் பிடித்த கண்ணாடி. சில வண்டிகளில் கேபிளுக்குப் பதில் கத்தரி போல விரியும் இரும்புக் கை இருக்கும். அந்த வகையில் பெரிய சுருள் ஸ்பிரிங் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பின்னால்.

இக்னிஷனை ஆன் செய்து, கேபின் லைட்டைப் போட்டு, மற்ற சத்தமெல்லாம் நின்ற பிறகு ஸ்விட்சை அழுத்துங்கள்.

சத்தமே இல்லை, லைட்டும் மங்கவில்லை என்றால் மோட்டாருக்குள் மின்சாரம் ஓடவில்லை. பியூஸ், ஸ்விட்ச், வயர், அல்லது மோட்டாருக்குள் தேய்ந்த கார்பன் பிரஷ் என்று தேடவேண்டும். சத்தம் இல்லை, ஆனால் அழுத்தும்போதெல்லாம் லைட் சற்று மங்குகிறது என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, அது சுற்ற முடியாமல் திணறுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பாதி வேலையை முடித்துவிடும். இதற்கு மீட்டர்கூட வேண்டாம்.

மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை, அல்லது 'தொப்'பென்று உள்ளே விழுந்துவிட்டது என்றால் கிளிப் உடைந்திருக்கும், இல்லை கேபிள் அறுந்திருக்கும். கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினால் இரண்டு கிளிப்பில் ஒன்று போய்விட்டது. 'கடகட'வென்று உடைவது போன்ற சத்தத்தோடு ஓரிரு அங்குலம் ஏறி நின்றால் கேபிள் பிரிந்து உருளையில் சிக்கிக்கொண்டிருக்கும், அல்லது கியரின் பிளாஸ்டிக் பற்கள் போயிருக்கும்.

ஏறுகிறது, ஆனால் முனகிக்கொண்டே மெதுவாக ஏறுகிறது என்றால் எதிர்ப்பக்கக் கதவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஏறவேண்டும். எஞ்சின் ஓடும்போது சரியாகவும், அணைத்தால் மந்தமாகவும் நான்கு கதவுமே இருந்தால் கதவில் ஒன்றும் இல்லை, பேட்டரியைப் பாருங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: ஓட்டுநர் கதவில் இருக்கும் லாக் பட்டன் அழுத்தப்பட்டிருந்தால் மற்றக் கதவுகளின் ஸ்விட்ச் வேலை செய்யாது. பிள்ளைகள் ஏறி விளையாடிய காரில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். ஏழெட்டு முறை தொடர்ந்து ஏற்றி இறக்கிய பிறகு மோட்டார் திடீரென்று நின்றாலும் பதற வேண்டாம். சூடானால் தானே நிற்கும் பாதுகாப்பு அதற்குள் இருக்கிறது. பத்து நிமிஷம் ஆறவிட்டுப் பாருங்கள்.

சுத்தம்: செலவு குறைவு, பலரும் தாண்டிப்போவது

மந்தமாக ஏறும் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்தில் முதல் வைத்தியம் இதுதான். செம்மண் தூசி நைசானது. பீடிங்கின் பள்ளத்தில் படிந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து, தையில் காய்ந்து, சித்திரையில் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். கண்ணாடி ஒவ்வொரு முறையும் அதில் உரசி ஏறவேண்டும். மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், ஸ்விட்ச் முனைகள் கருகும், கிளிப்பின் மேல் சுமை ஏறும். அதாவது பின்னால் வரப்போகும் மற்றப் பழுதுகளுக்கெல்லாம் தாய் இதுதான்.

கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். தட்டையான பிளாஸ்டிக் ஸ்கேலில் பழைய பருத்தித் துணியைச் சுற்றி, ஷாம்பூ கலந்த தண்ணீரில் நனைத்து, முன் பின் பள்ளங்களையும் மேல் வளைவையும் துடையுங்கள். துணி சிவப்பாக வருவது நிற்கும் வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரேயின் குழாயைப் பள்ளத்துக்குள் விட்டு மேலிருந்து கீழ்வரை ஒரு ஓட்டம் அடியுங்கள். நாலைந்து முறை ஏற்றி இறக்கி, கண்ணாடியில் ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய், எஞ்சின் ஆயில், கிரீஸ் எதுவும் பீடிங்கில் வேண்டாம். பெட்ரோலியம் சேர்ந்தவை ரப்பரை ஊதிப் பருக்க வைக்கும். எந்த எண்ணெயானாலும் தூசியைப் பிடித்துக் குழம்பாக்கும். ஒரு வாரம் வழுக்கும், ஒரு மாதத்தில் பழைய நிலையைவிட மோசமாகும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் இதற்கு ஆகாது.

பீடிங் கிழிந்தோ, ஓரம் சுருங்கி வெளியே வந்தோ இருந்தால் ஸ்பிரே தாங்காது, பீடிங்கையே மாற்றுங்கள். பெரும்பாலும் பசை கிடையாது. மேல் மூலைகள் இரண்டையும் முதலில் பொருத்தி, பிறகு நடுப்பகுதியை அழுத்தி, கடைசியாகக் கீழே இறங்கும் இரண்டு கால்களையும் உள்ளே விடவேண்டும்.

ஸ்விட்சும் வயரும்

பியூஸ் பெட்டியில் பவர் விண்டோ என்று போட்ட பியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் 20 அல்லது 30 ஆம்பியர் இருக்கும். 20 மஞ்சள், 30 பச்சை. போயிருந்தால் அதே அளவில் போடுங்கள். மறுபடி போனால் பெரிய பியூஸ் போட்டு ஏமாற்றாதீர்கள். எங்கோ வயர் உரசி பாடியைத் தொடுகிறது, இல்லை கண்ணாடி எங்கோ சிக்கியிருக்கிறது. பெரிய பியூஸ் போட்டால் அடுத்துக் கருகுவது வயர்தான்.

ஸ்விட்சைச் சோதிக்க எளிய வழி, பின் கதவுகள் இரண்டின் ஸ்விட்சையும் மாற்றி மாட்டிப் பார்ப்பது. பழுது ஸ்விட்சோடு இடம் மாறினால் ஸ்விட்ச்தான். மேலே போகும், கீழே வராது என்ற ஒரு திசைப் பழுது பெரும்பாலும் ஸ்விட்சில்தான் இருக்கும். கார்பன் பிரஷ் போன மோட்டார் இரண்டு திசையிலும் நிற்கும். ஸ்விட்சைப் பிரித்துக் கரியைத் துடைத்து கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பல மாதம் ஓடும். பிரிக்கும்போது பாலிதீன் பைக்குள் கையை விட்டுப் பிரியுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் செம்புத் தகடும் எகிறி ஓடினால் மீண்டும் கிடைக்காது. முனை குழி விழும் அளவுக்குக் கருகியிருந்தால் சுரண்டிப் பயன் இல்லை, மாற்றிவிடுங்கள். ஓட்டுநர் கதவின் மாஸ்டர் ஸ்விட்ச் மற்றவற்றைவிட விலை அதிகம். அதனால் அதை வாங்கும் முன் வயரைப் பார்ப்பது நல்லது.

கதவுக்கும் பாடிக்கும் நடுவில், கீல் பக்கம், ஒரு ரப்பர் குழாய்க்குள் வயர்கள் போகும். கதவு திறக்கும்போதெல்லாம் அவை வளைவதால் உள்ளே செம்பு அறுந்துவிடும். மேலே பிளாஸ்டிக் முழுசாகவே தெரியும். அதிகம் திறந்து மூடும் ஓட்டுநர் கதவில் இது சகஜம். ஒருவர் ஸ்விட்சை அழுத்தியபடி இருக்க, இன்னொருவர் கதவை மெல்லத் திறந்து மூடட்டும். ஏதோ ஒரு கோணத்தில் கண்ணாடி அசைந்தால் பழுது அந்தக் குழாய்க்குள்தான். ஒட்டுப் போடுவதாக இருந்தால் 1.5 சதுர மில்லிமீட்டர் இழை வயரை சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டுங்கள். ஒட்டு விழும் இடம் வளையும் பகுதிக்கு வெளியே, கதவுக்குள்ளோ பாடிக்குள்ளோ இருக்கவேண்டும். வளைவிலேயே ஒட்டுப் போட்டு டேப் சுற்றினால் அதே இடத்தில் திரும்ப அறும்.

மோட்டாருக்குத் தீர்ப்பு சொல்வதற்கு 12 வோல்ட் 21 வாட் பல்பில் இரண்டு வயர் இழுத்து டெஸ்ட் லாம்ப் செய்துகொள்ளுங்கள். மோட்டார் கனெக்டரைக் கழற்றி அதில் பல்பை மாட்டி ஸ்விட்சை அழுத்தினால் இரண்டு திசையிலும் பிரகாசமாக எரியவேண்டும். எரிந்தால் மின்சாரப் பாதை நல்லது. மீட்டரைவிட பல்பு மேல். ஓர் இழையில் தொங்கும் வயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும், பல்பை ஏற்றினால் சாயம் வெளுத்துவிடும். ஒரே தட்டில் கண்ணாடி தானே முழுக்க ஏறும் ஆட்டோ-அப் உள்ள மோட்டாரில் மட்டும் இந்தப் பல்பு வைத்தியம் வேண்டாம், அதில் உள்ளேயே எலக்ட்ரானிக் பலகை இருக்கலாம்.

கிளிப் மட்டும் மாற்றுவது

கேபிளும் தண்டவாளமும் நன்றாக இருந்து பிளாஸ்டிக் மட்டும் உடைந்திருந்தால் இதுவே நியாயமான வழி. பொருள் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். நன்றாக ஓடும் மாடல்களுக்குத்தான் தனிக் கிளிப் கிடைக்கும். மற்றவற்றுக்குக் கடைக்காரர் முழு செட்டைத்தான் காட்டுவார்.

கேபிளைக் கையால் தடவிப் பார்க்காமல் வெளிச்சத்தில் கண்ணால் பாருங்கள். ஓர் இழை முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் கிளிப் மாற்றுவதை மறந்துவிடுங்கள். உறையின் முனையில் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, கேபிள் தொய்ந்து கிடந்தாலும் அதேதான்.

உடைந்த கிளிப்பை எபாக்சி வைத்து ஒட்டுவது வீண். முன் கதவுக் கண்ணாடி மூன்று நான்கு கிலோ இருக்கும். அதோடு பீடிங்கின் பிடியும் சேரும்போது ஒட்டு முதல் வெயிலிலேயே விட்டுவிடும். இரண்டு கிளிப் உள்ள கதவில் ஒன்று போனால் இரண்டையும் மாற்றுங்கள். அதே வயது, அதே வெயில். பீடிங்கைச் சுத்தம் செய்யாமல் புதுக் கிளிப் மட்டும் போட்டால் பழசை உடைத்தது புதுசையும் உடைக்கும்.

கேபிளை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. சைக்கிள் பிரேக் கம்பியைப் போட்டுத் தருவார்கள். தடிமன் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் பிரேக் கம்பியில் இழைகள் குறைவு, ஒவ்வோர் இழையும் தடிப்பு. சிறிய உருளையில் இறுக்கமாகச் சுற்றி வளைவதற்கு அது செய்யப்படவில்லை, விரைவில் முறியும். எங்கள் கணக்கில் இந்த வழி தேர்விலேயே இல்லை.

முழு செட்: கம்பெனியா, லோக்கலா, பழையதா

கேபிள் அறுந்தால், தண்டவாளம் வளைந்தால், கிளிப் தனியாகக் கிடைக்காவிட்டால் செட்தான். மோட்டார் நன்றாக இருந்தால் மோட்டார் இல்லாத ரெகுலேட்டரை மட்டும் கேளுங்கள். பல மாடல்களில் மோட்டார் மூன்று ஸ்க்ரூவில் தனியாகக் கழன்று வரும். செலவு கணிசமாகக் குறையும். மோட்டாருக்குள் தண்ணீர் போன தடமோ கருகிய வாசனையோ இருந்தால் மட்டும் மோட்டாரோடு வாங்குங்கள்.

மாருதி, ஹூண்டாய் போன்ற அதிகம் ஓடும் வண்டிகளுக்குக் காரைக்குடியிலேயே கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காததற்கு மதுரை அல்லது திருச்சி. இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போவதானால் பழைய பார்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், அல்லது அதன் மேல் ஒட்டிய எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பி உறுதிசெய்த பிறகு கிளம்புங்கள். முன் கதவா பின் கதவா, இடமா வலமா, மோட்டார் கனெக்டரில் எத்தனை பின் என்ற மூன்றில் ஒன்று தவறினாலும் வீண் அலைச்சல். சாதாரண மோட்டாருக்கு இரண்டு பின். ஒரே தட்டில் ஏறும் ஆட்டோ-அப் மோட்டாருக்குக் கூடுதலாக இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

லோக்கல் செட் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டோம். தண்டவாளத் தகடும் மோட்டாரும் பெரும்பாலும் தாங்கும். வித்தியாசம் பிளாஸ்டிக்கிலும் கேபிளிலும்தான் தெரியும். கடையிலேயே பழையதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போல்ட் துளைகள் நேருக்கு நேர் விழவேண்டும். கேபிளை நடுவில் விரலால் அழுத்தினால் கம்பி போல விறைப்பாக இருக்கவேண்டும், தொங்கக்கூடாது. உருளை இருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் விரிசல் இருக்கக்கூடாது. கடையில் பேட்டரி இருந்தால் இரண்டு திசையிலும் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

பழையது என்றால் சென்னை புதுப்பேட்டைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். உள்ளூர் காயலான் கடையிலும் சில சமயம் அடிபட்ட வண்டியின் கதவே முழுதாகக் கிடைக்கும். பழைய மோட்டார் வாங்கலாம், பழைய ஸ்விட்ச் பார்த்து வாங்கலாம், பழைய கேபிள் மட்டும் வேண்டவே வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்கும் பழம்பொருளுக்குத்தான் வயது ஏற ஏற மதிப்பு.

கைப்பிடி சுற்றும் ரெகுலேட்டருக்கே மாறிவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அதே மாடலில் கைப்பிடி வைத்த விலை குறைந்த வகை வந்திருந்தால் அது பெரும்பாலும் அப்படியே பொருந்தும். டோர் பேடில் (கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டையில்) துளை மட்டும் வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியின் பின் கதவுக்கு இது தப்பான யோசனை இல்லை. 2014-இல் தயாரிப்பு நின்ற அம்பாசடர் இன்னும் நிற்கும் வீடுகளில் கண்ணாடி கைப்பிடியில் சிரமமில்லாமல் ஏறுவதைப் பார்க்கலாம்.

எதை வீட்டில் செய்யாமல் விடுவது

கதவுக்குள் ஏர்பேக் சென்சார் உள்ள வண்டி, ரெகுலேட்டர் ரிவிட் அடித்துப் பிடிக்கப்பட்ட வண்டி, உள்தகடே ஒரு முழு பிளாஸ்டிக் பலகையாக வரும் வண்டி ஆகியவற்றை ஒர்க்‌ஷாப்பில் விடலாம். ரிவிட்டைத் துளைபோட்டு எடுத்து எம்6 போல்ட்டும் நைலான் லாக் நட்டும் போட முடியும்தான். இரும்புத் துகள் கதவின் அடியில் விழுந்து துருவாகும் என்பதை மனதில் வைத்து முழுக்க எடுத்துவிடவேண்டும்.

கத்தரிக் கை வகையில் எச்சரிக்கை: அந்த இரும்புக் கைகளை கிளாம்ப் போட்டோ, துளையில் போல்ட் செருகியோ அசையாமல் பூட்டாமல் மோட்டாரைக் கழற்றாதீர்கள். மோட்டார்தான் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழன்றதும் இரும்புக் கை வீசி அடிக்கும், விரல் போகும் அளவுக்கு.

செட் மாற்றும் வேலை

முதல் முறை செய்பவருக்கு ஒரு கதவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கோடையில் காலை ஏழு மணிக்கு முன் ஆரம்பியுங்கள். கதவுக்குள் பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டியிருக்கும் கறுப்புப் பசை குளிர்ச்சியில் சுத்தமாக உரிந்து வரும். வெயில் ஏறிவிட்டால் நூல் நூலாக இழுத்து கை, சட்டை, சீட் எங்கும் ஒட்டும்.

வேண்டியவை: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பத்தாம் நம்பர் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும், பிளாஸ்டிக் நெம்புகோல், இரண்டங்குலத் துணி டேப், பிளேடு, மார்க்கர், தடித்த கையுறை, வெள்ளை லித்தியம் கிரீஸ், டோர் பேட் கிளிப் ஐந்தாறு. இந்தக் கிளிப்பை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வெயிலில் காய்ந்த பழையதில் குறைந்தது இரண்டு உடையும். கதவடியில் பழைய பாய் ஒன்றை விரித்தால் விழும் ஸ்க்ரூ தரையில் உருண்டு ஓடாது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிஷம் விடுங்கள். உள் கைப்பிடிக் குழியிலும், கதவை இழுக்கும் பிடியின் அடியிலும் சின்ன மூடிகளுக்குக் கீழே ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். எல்லாம் எடுத்த பிறகு டோர் பேடின் கீழ் ஓரத்தில் நெம்புகோலை விட்டுக் கிளிப்புக்குப் பக்கத்தில் நெம்புங்கள். நடுவில் நெம்பினால் அட்டை பிய்ந்துவிடும். சுற்றிலும் கழன்ற பிறகு பேடை நேராக இழுக்காமல் மேலே தூக்குங்கள், கண்ணாடி ஓரத்தில் கொக்கி போட்டிருக்கும். உடனே பின்வாங்காதீர்கள், ஸ்விட்ச் கனெக்டரும் கைப்பிடிக் கேபிளும் இன்னும் பிடித்திருக்கும்.

பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் பசையோடு உரித்துப் பாதி மடக்கி வையுங்கள். இது அலங்காரத்துக்கு இல்லை. மழைத்தண்ணீர் கண்ணாடி ஓரமாக எப்போதும் கதவுக்குள் இறங்கும், அடித்துளை வழியாக வெளியேறும். ஷீட் கிழிந்தால் அது காருக்குள் கால்மிதியடியில் சேரும். பலர் "மழைக்காலத்தில் கார் நாறுகிறது" என்று சொல்வதன் காரணம், யாரோ ஒருவர் அவசரத்தில் இந்த ஷீட்டைக் கிழித்தெறிந்ததுதான்.

கண்ணாடியின் போல்ட் தெரியும்படி அது தகட்டுத் துளைக்கு நேரே வரவேண்டும். மோட்டார் ஓடினால் பேட்டரியையும் ஸ்விட்சையும் தற்காலிகமாக மாட்டி இறக்குங்கள். ஓடாவிட்டால், கேபிள் வகையில் மோட்டார் ஸ்க்ரூ மூன்றையும் எடுத்தால் கண்ணாடி கையாலேயே இறங்கும். இரண்டு போல்ட்டையும் எடுத்து, கண்ணாடியை இரண்டு கையாலும் மேலே தூக்கி, சட்டத்தின் மேல் வழியாக உள்ளிருந்து வெளியே வரை மூன்று துணி டேப் ஒட்டுங்கள். முதலில் கண்ணாடியைத் துடையுங்கள், தூசியில் டேப் நிற்காது. கீழே ஒரு மரக்கட்டையும் கொடுத்தால் நிம்மதி.

ரெகுலேட்டரின் நட்டுகளைச் சுற்றி மார்க்கரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சில துளைகள் நீள்வட்டமாக இருக்கும், அதில் சற்றுத் தள்ளிப் பிடித்தாலும் கண்ணாடி சாயும். நட்டுகளை எடுத்து, செட்டைப் பெரிய துளை வழியாக மடக்கித் திருப்பி எடுங்கள். கையுறை இங்கேதான்: தகட்டு ஓரமும் அறுந்த கேபிளும் பிளேடுக்குச் சமம்.

புதியதை உள்ளே விட்டு எல்லா நட்டையும் கையால் மட்டும் பிடித்து, கண்ணாடியை கிளிப்பில் இறக்கி, மேலே முழுக்க ஏற்றிய நிலையில் இறுக்குங்கள். அப்போதுதான் தண்டவாளம் பீடிங்கோடு இணையாக உட்காரும். கீழே வைத்து இறுக்கினால் மேலே போய் இறுகும். கண்ணாடி போல்ட்டை மூச்சுப் பிடித்து இறுக்கக்கூடாது. ரப்பர் வாஷர் அழுந்திய பிறகு சிறிது திருப்பினால் போதும். டெம்பர்டு கண்ணாடி விரிசல் விடாது, ஒரேயடியாகத் தூளாகும். தண்டவாளத்தில் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும்.

டோர் பேடை மூடும் முன் நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கதவடித் துளைகளில் அடைத்த செம்மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்து ஒரு சொம்பு தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் அடியில் மட்டும்தான் வரவேண்டும். ஆட்டோ-அப் உள்ள வண்டியில் அதைத் திரும்பப் பழக்கவேண்டும்: பல மாடல்களில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஏறிய பிறகும் ஸ்விட்சைச் சில விநாடி மேலே இழுத்தபடி பிடித்தால் நினைவில் ஏற்றிக்கொள்ளும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் மேனுவலைப் பாருங்கள்.

எந்த வண்டிக்கு எது

தினமும் டவுனுக்குள் ஓடும் சொந்தக் காருக்கு, கிளிப் கிடைத்தால் கிளிப், இல்லையென்றால் நல்ல லோக்கல் செட் போதும். ஓட்டுநர் கதவு மட்டும் விதிவிலக்கு. பார்க்கிங் அது இது என்று அதிகம் ஏறி இறங்குவது அதுதான், அதற்குக் கம்பெனி பார்ட் வாங்குவது லாபம்.

டாக்சிக்கு எல்லாக் கதவிலும் கம்பெனி பார்ட்தான் எங்கள் சிபாரிசு. நகரத்தார் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பும் குடும்பம் ஏசி போட்ட வண்டியில் ஏறியிருக்கும்போது பின் கண்ணாடி உள்ளே விழுந்தால், அந்த ஒரு நாள் வாடகைத் தகராறே லோக்கல் செட்டில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். பீடிங் சுத்தத்தை மாதம் ஒருமுறை வண்டி கழுவும்போதே சேர்த்துக்கொள்ளலாம்.

ஷெட்டில் நிற்கும் கார்தான் வேறு மாதிரி. அங்கே தேய்மானம் கிடையாது. மாதக்கணக்கில் அசையாத கண்ணாடியில் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்துக்கோ, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ ஊருக்கு வந்ததும் ஸ்விட்சைத் தட்டுவார்கள், 'டக்'கென்று கிளிப் உடையும். இதற்கு விலை அதிகமான செட் வாங்கி ஒரு பயனும் இல்லை, அதுவும் அப்படியே உடையும். கிளிப்பை மாற்றி, பீடிங்கில் சிலிக்கான் அடித்து, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒருமுறை எஞ்சினைப் போட்டு நான்கு கண்ணாடியையும் முழுக்க இறக்கி ஏற்றச் சொல்லுங்கள். ஆள் இல்லாத வீடு என்றால், வந்ததும் ஸ்விட்சைத் தொடும் முன் பீடிங் ஓரத்தில் ஸ்பிரே அடித்துக் கால்மணி நேரம் விட்டு, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளங்கைகளால் கண்ணாடியை இருபுறமும் பிடித்துக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தியபடி இன்னொருவரை ஸ்விட்சைத் தட்டச் சொல்லுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் வீடுகளில், திரும்ப மாட்டியதும் ஆட்டோ-அப் வேலை செய்யாமல் போகலாம். அதைப் பழுது என்று எண்ணிக் கதவைப் பிரிக்க வேண்டாம், மேலே சொன்னபடி பழக்கினால் வந்துவிடும்.